பட்டறைச் சாமான்களுக்குச் சக்கரம் வாங்கும் முன்

கேள்வி: வீட்டுக் கார் ஷெட்டில் சின்னதாகத் தச்சு வேலை செய்கிறேன். காலையில் கார் வெளியே போனதும் அங்கே வேலை, மாலையில் எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கிவிட வேண்டும். வேலை மேசை, டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) ஸ்டாண்டு, 5 அடி உயரக் கருவி அலமாரி மூன்றுக்கும் சக்கரம் போட நினைக்கிறேன். கடையில் 2 அங்குலம் முதல் 6 அங்குலம் வரை, நைலான், பி.யு. (பாலியூரித்தேன்), ரப்பர் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். பிரேக் வைத்த 4 அங்குலச் சக்கரமாகவே 12 வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் மூன்று சாமான்களுக்கும் தேவை வேறு வேறு. அலமாரி வைத்த இடத்தில் சும்மா நிற்கப் போகிறது, அது சக்கரத்தின் மேலேயே நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. டேபிள் சா ஓடும்போது இம்மியும் நகரக் கூடாது, ஆனால் எடை குறைவு. வேலை மேசைக்குக் கனமும் அதிகம், இழைப்புளி போடும்போது பக்கவாட்டில் அது வாங்கும் தள்ளலும் அதிகம். பிரேக் போட்ட சக்கரம் உருளாது, அவ்வளவுதான். அதைக் கால் என்று நம்பிவிடக் கூடாது. நகர்த்தும்போது சக்கரம், வேலை செய்யும்போது கால் என்று இரண்டையும் எந்தச் சாமானுக்குப் பிரிக்க வேண்டும், எதற்குப் பிரிக்காமல் விடலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விட்டமும் பொருளும் அப்புறம்.

கடையில் முதலில் "எவ்வளவு வெயிட்?" என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் தரையைப் பற்றிக் கேட்பேன். கார் ஷெட் தரை பெரும்பாலும் மூன்று வகை: சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ், சிமெண்ட் தளம், அல்லது இன்டர்லாக் பேவர் கல். வீட்டுக்குள்ளே கொண்டுபோவதாக இருந்தால் ஒரு நிலைப்படியோ, உள் தரைக்கும் வெளித் தரைக்கும் நடுவே ஒரு சின்ன விளிம்போ குறுக்கே வரும். சக்கரத்தின் விட்டத்தை முடிவு செய்வது இந்த விளிம்புதான்.

கணக்கைப் பாருங்கள். 5 மி.மீ. உயர விளிம்பு ஒன்று இருக்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 50 கிலோ எடை. நின்ற நிலையிலிருந்து அச்சின் உயரத்தில் நேராகத் தள்ளி அந்த விளிம்பை ஏற்ற வேண்டுமானால், 2 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 37 கிலோ விசை வேண்டும். 3 அங்குலத்துக்கு 29. 4 அங்குலத்துக்கு 24. 6 அங்குலத்துக்கு 19. இது ஒரு சக்கரத்துக்கு. முன் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் விளிம்பில் முட்டினால் இரண்டு மடங்கு. அதாவது 2 அங்குலச் சக்கரம் போட்ட மேசை 5 மி.மீ. விளிம்பில் முட்டினால் 74 கிலோ விசையில் தள்ள வேண்டியிருக்கும், நடைமுறையில் அது ஏறாது. ஒரு விஷயம் கவனியுங்கள்: 2-லிருந்து 4-க்குப் போனால் 13 கிலோ மிச்சம், 4-லிருந்து 6-க்குப் போனால் 5 கிலோதான் மிச்சம். அதனால்தான் வீட்டுப் பட்டறைக்கு 4 அங்குலம் சரியான இடம் என்கிறேன். பேவர் கல் தரையாக இருந்தால் மட்டும் 5-க்குப் போங்கள், அந்தக் கற்களின் மழுங்கிய விளிம்புகள் சின்னச் சக்கரத்தை ஒவ்வொரு அடியிலும் பிடித்து இழுக்கும். இன்னொன்று, விளிம்பை நேராகத் தாண்டாமல் மேசையைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பிக் கொண்டுபோனால் ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் ஏறும், பாதி விசை போதும்.

தச்சு வேலை நடக்கும் இடத்தில் விளிம்பு என்பது தரையோடு பிறந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. கீழே விழுந்த ஒரு ஸ்குரூ, ஒரு மரச் சில்லு போதும், 2 அங்குல நைலான் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் மேலே பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள், கீழே சக்கரம் நின்றிருக்கும், உயரமான சாமான் முன்னால் சாயும். 2 அங்குலச் சக்கரங்களை வீட்டுக்குள் பூந்தொட்டிக்கும் டீப்பாய்க்கும் விட்டுவிடுவோம்.

தரையில் இன்னொரு விஷயம் வாட்டம். மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கொத்தனார் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விட்டிருப்பார். 130 கிலோ மேசையை அந்தச் சரிவு இழுக்கும் விசை கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிலோ. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் நல்ல பேரிங் போட்ட கெட்டியான சக்கரம் வழவழப்பான தரையில் உருள்வதற்கு அதைவிடக் குறைந்த விசையே போதும். அதாவது பிரேக் போடாத மேசை தானாகவே கேட்டைப் பார்த்துக் கிளம்பலாம். அதே வாட்டத்தில் 5 அடி நீள மேசையைச் சரிவோடு நீளவாக்கில் நிறுத்தினால் இரண்டு முனைக்கும் ஒன்றேகால் அங்குலம் ஏற்ற இறக்கம். சரிவுக்குக் குறுக்கே நிறுத்துங்கள், வித்தியாசம் பாதியாகிவிடும். மீதியைக் காலில் திருகு வைத்துச் சரிக்கட்டலாம். உண்மையில் தச்சு மேசை ரசமட்டத்தில் துல்லியமாக நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேற்பரப்பு வளைவு நெளிவு இல்லாமல் ஒரே தளமாக இருக்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. பென்சில் உருண்டு விழாத அளவுக்கு மட்டம் இருந்தால் போதும்.

இப்போது எடை. உங்கள் மேசையை நான் இப்படிக் கணக்கிடுகிறேன். 8-க்கு 4 அளவு 18 மி.மீ. பிளைவுட் ஒன்று சுமார் 35 கிலோ இருக்கும். 5 அடிக்கு இரண்டரை அடி மேல்பலகையை இரண்டு அடுக்காக ஒட்டினால் 27 கிலோ. 40-க்கு 40, 2 மி.மீ. கனமுள்ள இரும்புச் சதுரக் குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ, 12 மீட்டர் ஆகும் என்றால் 29 கிலோ. கீழ்த்தட்டு 10. வைஸ் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்று 15 முதல் 20. தட்டில் வைக்கும் கருவிகள், கிளாம்புகள் 45 என்று வையுங்கள். மொத்தம் 130 கிலோ. அதன் மேல் 50 கிலோ மரம் வைத்து, பல்பு மாற்றுவதற்காக நீங்களே ஒரு நாள் மேலே ஏறி நின்றால் 250 தாண்டும்.

இதை நான்கால் வகுக்கக் கூடாது. நம் ஊர்த் தரை எதுவும் முழுச் சமமாக இருக்காது, கெட்டியான சட்டம் அதற்கேற்ப வளையாது. அதனால் ஏதாவது ஒரு சக்கரம் தரையில் பட்டும் படாமலும் நிற்கும், சுமை மூன்றின் மேல்தான் இருக்கும். 250-ஐ மூன்றால் வகுத்தால் 83. ஆக ஒரு சக்கரம் 100 கிலோ தாங்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை, 150 என்று போட்டிருப்பதை எடுப்பேன். 4 அங்குல நடுத்தரச் சக்கரங்களில் இது சாதாரணமாகவே கிடைக்கும். அதற்கு மேல் 300, 400 கிலோ என்று போக வேண்டாம். கனரகச் சக்கரம் வாங்கினால் மேசை உறுதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாங்கும் எடை வேறு, ஆட்டம் வேறு.

பொருள் விஷயத்தில் அதிக யோசனை வேண்டாம், உங்களுக்குப் பி.யு. சக்கரம்தான். ஏன் என்று சொல்கிறேன். கெட்டியான தரையில் கெட்டியான சக்கரம் சுலபமாக உருளும், மெத்தென்ற சக்கரம் அமுங்கி அமுங்கி உருள்வதால் விசை அதிகம் கேட்கும். இந்தக் கணக்கில் நைலான் முதலிடம். ஆனால் நைலான் சக்கரம் தரையில் படும் இடம் மிகச் சின்னது, சுமை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் சரியாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால் அங்கே விரிசல் விடும். தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கிற டைல்ஸ் எல்லாம் இந்த வகை. சத்தம் இன்னொரு தொல்லை. காலை ஏழு மணிக்குச் சொரசொரப்பான டைல்ஸில் நைலான் சக்கரத்தை உருட்டினால் தெருவே எழுந்துவிடும். வழவழப்பான தரையில் பிரேக் போட்டாலும் சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

ரப்பர் அமைதியானது, நல்ல பிடிப்பும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கனத்தைச் சுமந்து நின்றால் அடிப்பாகம் தட்டையாகிவிடும், அப்புறம் உருட்டும்போது தடக் தடக் என்று அடிக்கும். கருப்பு ரப்பர் தரையில் கறையும் விடும். காற்றடைத்த சக்கரத்தை மேசைக்கு யாரும் யோசிக்கவே வேண்டாம். வார்ப்பிரும்புச் சக்கரம் வெல்டிங் பட்டறைக்கு உரியது. அங்கே தெறிக்கும் பொறியும் சூடான இரும்புச் சீவலும் நைலானையும் பி.யு.வையும் உருக்கும், குத்தி உள்ளே புதையும். தச்சு வேலையில் அந்தக் கவலை இல்லை.

பி.யு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நைலான் அளவுக்குக் கெட்டி இல்லை, ரப்பர் அளவுக்கு அமுங்காது, கறை விடாது. அதற்கும் ஒரு குறை உண்டு. பி.யு.வில் ஒரு வகை ஈரத்தில் மெதுவாகச் சிதையும். சில வருடம் கழித்துப் பிசுபிசுத்து, பிறகு பொடிப்பொடியாக உதிரும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் தண்ணீர் தேங்கும் இடத்தில் இதை எதிர்பார்க்கலாம். ஈரத்தைத் தாங்கும் வகையும் இருக்கிறது, ஆனால் சாதாரணக் கடையில் எது எது என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஷெட்டில் மழைச் சாரல் அடிக்கும் என்றால் யு.எச்.எம்.டபிள்யூ. என்று விற்கும் வெள்ளை அல்லது கருப்பு பிளாஸ்டிக் சக்கரத்தைப் பாருங்கள். கெட்டியானது, கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் தேய்மானம் குறைவு, ஈரம் ஒன்றும் செய்யாது.

அடுத்தது சுழலும் சக்கரமா, நேர்ச் சக்கரமா. கடையில் ரிவால்விங், ஃபிக்ஸட் என்று கேட்டால் தருவார்கள். நான்கும் சுழன்றால் மேசையைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுவரோடு ஒட்டிவிடலாம். இடம் நெருக்கமான ஷெட்டில் இதுதான் வசதி. இரண்டு ஃபிக்ஸட், இரண்டு ரிவால்விங் என்றால் நீண்ட தூரம் நேராகப் போகும், முனை அலையாது, ஆனால் பக்கவாட்டில் ஒதுக்க முன்னும் பின்னும் காரைப் பார்க்கிங் செய்வது போல ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்கு நகர்த்தும் தூரமே பத்து அடி இருக்குமா? நான்கும் சுழலட்டும்.

சுழலும் சக்கரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்தின் அச்சு, மேலே சுழலும் முளைக்கு நேர் கீழே இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். 4 அங்குலச் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். அந்த விலகல் இருப்பதால்தான் தள்ளும் திசைக்குச் சக்கரம் தானாகத் திரும்பிப் பின்தொடர்கிறது. ஆனால் அதே விலகலால் மூன்று விளைவுகள் வரும். ஒன்று, திசை மாற்றி இழுக்கும்போது சக்கரம் அரைவட்டம் அடித்துத் திரும்பும், அப்போது சாமான் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். இரண்டு, சக்கரம் சுழல்வதற்கு முளையைச் சுற்றி மூன்றரை அங்குல ஆரம் வெறுமையாக வேண்டும், பிரேக் மிதியும் சேர்ந்தால் 5 அங்குலம் வரை. கீழ்த்தட்டோ குறுக்குச் சட்டமோ அந்த வட்டத்துக்குள் வந்தால் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவதை அலமாரி பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன், அதுதான் ஆபத்தானது.

வேலை மேசைக்கு வருவோம். பிரேக்கில் இரண்டு வகை உண்டு. சாதாரண பிரேக் சக்கரம் உருளாமல் மட்டும் பிடிக்கும். முளை சுழன்றுகொண்டேதான் இருக்கும், மேசை ஒன்றரை அங்குலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். டபுள் லாக் அல்லது டோட்டல் லாக் என்று விற்பது இரண்டையும் பிடிக்கும். பிரேக் என்று வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும், கடையிலேயே மிதியை அழுத்திவிட்டுக் கையால் முளையைத் திருப்பிப் பாருங்கள். ஆனால் டோட்டல் லாக் நான்கு போட்டாலும் இழைப்புளி வேலைக்கு அது போதாது. முளையின் இரும்பு உருண்டைகளுக்கு (பால்) நடுவே கொஞ்சம் இடைவெளி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் தகட்டில் கொஞ்சம் வளைவு, பி.யு.வில் கொஞ்சம் அமுங்கல், எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு தள்ளுக்கும் மேசை ஒரு தலையசைப்பு அசைக்கும். ஃபினிஷிங், அசெம்பிளி, டிரில் வேலைக்குப் பரவாயில்லை. கை இழைப்புளி, உளி வேலைக்கு எரிச்சலாகிவிடும்.

அதனால் மேசை காலில் நிற்கட்டும், நகர்த்தும்போது மட்டும் சக்கரம் இறங்கட்டும். இதற்கு ரெடிமேட் செட் கிடைக்கிறது: காலின் வெளிப்பக்கம் போல்ட் செய்துவிட்டு, மிதியை அழுத்தினால் சக்கரம் கீழே இறங்கிக் காலைத் தூக்கும். இவற்றில் பல வழவழப்பான தரையை நினைத்துச் செய்தவை, தூக்கும் உயரம் குறைவு. உங்கள் தரையில் அரை அங்குலமாவது கால் மேலே எழும்பவில்லை என்றால் ஏதோ ஒரு மேட்டில் கால் உரசும். வாங்கும் முன் இந்த ஓர் அளவைக் கட்டாயம் பாருங்கள்.

நீங்களே செய்துகொள்வதாக இருந்தால் கீல் பலகை முறைதான் எனக்குப் பிடித்தது. மேசையின் ஒரு முனையில், இரண்டு காலுக்கும் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தில் ஒரு கெட்டியான பலகையைக் கனமான கீலால் மாட்டுங்கள். பலகைக்கு அடியில் இரண்டு ரிவால்விங் சக்கரம். பலகையைக் காலால் மிதித்தால் சக்கரம் தரையை அழுத்தி அந்த முனை எழும்பும். எழும்பியதும் பலகை திரும்ப மேலே போகாமல் தடுக்க ஒரு கட்டையைக் கீல் போட்டுத் தொங்கவிடுங்கள், அது தானாக விழுந்து முட்டுக் கொடுக்கும். கட்டையில் ஒரு கயிறு. இழுத்தால் முட்டு விலகி மேசை காலில் உட்காரும். மறு முனையிலும் இதேதான். 130 கிலோ மேசையில் ஒரு முனைக்கு 65 கிலோ. சக்கரத்தைக் கீலிலிருந்து மிதிக்கும் இடம் வரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கில், கீல் பக்கமாக வைத்தால் நெம்புகோல் கணக்கில் பாதிதான், 33 கிலோ அழுத்தினால் எழும்பிவிடும். ஆள் எடை அதைவிட அதிகம்தானே. மேசையின் உயரமும் மாறாது, காலை வெட்ட வேண்டியதில்லை. இதற்கு 3 அங்குலச் சக்கரம் போதும். 4 அங்குலம் உட்காரப் பல மேசைகளில் இடம் கிடைக்காது.

மாதம் ஒரு முறைதான் நகர்த்துவீர்கள் என்றால் இத்தனை வேலையும் தேவையில்லை. சக்கரத்தை நிரந்தரமாகப் பூட்டி, பக்கத்தில் எம்12 திருகுக் கால் நான்கு வைத்து, வேலை நேரத்தில் திருகி இறக்கிச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடலாம். தினமும் இரண்டு வேளை நகர்த்துகிறவருக்கு அந்த முறை ஒரு வாரம்கூட நிலைக்காது. திருகாமலே வேலையை ஆரம்பித்துவிடுவார்.

டேபிள் சா ஸ்டாண்டுக்கு நான்கு சக்கரமே வேண்டாம். சின்ன வகை டேபிள் சா 25, 30 கிலோதான் இருக்கும், ஸ்டாண்டோடு சேர்த்து 50 என்று வையுங்கள். ஒரு பக்கம் இரண்டு கால்களின் வெளிப்புறத்தில் இரண்டு ஃபிக்ஸட் சக்கரம், 5 அல்லது 6 அங்குலம். ஸ்டாண்டு நேராக நிற்கும்போது சக்கரம் தரைக்கு 2, 3 மி.மீ. மேலே நிற்கும்படி பூட்டுங்கள். மறு பக்கத்தைத் தூக்கினால் சக்கரம் தரையைத் தொடும், தள்ளிக்கொண்டு போகலாம். தூக்க வேண்டிய எடை பாதி, 25 கிலோ. கைப்பிடியை இரண்டடி நீட்டி வைத்தால் இன்னும் குறையும். இறக்கி வைத்தால் நான்கு காலில் அசையாமல் நிற்கும், பிரேக் பற்றிய கேள்வியே இல்லை. ஓடும் பிளேடுக்கு முன்னால் நிற்கிறவருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. காலின் அடியில் ரப்பர் ஒட்டினால் அதிர்வும் குறையும். இதே முறையை வேலை மேசைக்கும் போடலாமே என்று தோன்றும். 65 கிலோவைத் தினம் இரண்டு முறை குனிந்து தூக்கினால் முதுகு ஒத்துக்கொள்ளாது, வேண்டாம்.

வேலை மேசையையே டேபிள் சா-வுக்குப் பின்னால் பலகை தாங்கும் மேசையாகப் பயன்படுத்துவீர்கள் என்றால், அதன் உயரம் டேபிள் சா-வின் தளத்தைவிட 3, 4 மி.மீ. குறைவாக இருக்கட்டும். வாட்டமுள்ள தரையில் இரண்டையும் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர முடியாது. மேசை உயர்ந்துவிட்டால் பலகை பாதி அறுப்பில் முட்டும், அது ஆபத்து. தாழ்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

இனி அலமாரி. இதற்குத்தான் 4 அங்குல பி.யு. ரிவால்விங் நான்கு, அதில் இரண்டு டோட்டல் லாக். முளைக்கு முளை அகலவாக்கில் 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்த்து நின்றால் தரையில் அது 21 அங்குலம். நான்கும் உள்பக்கம் திரும்பி நின்றால் 15 அங்குலம்தான். அலமாரியின் அடித்தளம் உங்களுக்குத் தெரியாமலே சுருங்கிவிடுகிறது. மேலே சொன்ன மூன்றாவது விளைவு இதுதான். காலி அலமாரி 60 கிலோ, உயரம் 60 அங்குலம் என்றால், உச்சியில் ஏழரை கிலோ விசையில் தள்ளினால் போதும், கீழே சக்கரம் தடைபட்டிருக்கும் பட்சத்தில் அது கவிழும். குழந்தை தொங்கினால் போதும். மேல் இழுப்பறைகள் இரண்டை முழுதாக இழுத்து வைத்தால் அந்த ஏழரையும் தேவைப்படாது.

ஆகவே கனமான சாமானெல்லாம் கீழ்த்தட்டில். பிளைவுட்டில் அலமாரியைவிட இரண்டு மூன்று அங்குலம் அகலமான ஓர் அடிப்பலகை செய்து, அதன் மூலைகளில் சக்கரம் பூட்டுங்கள். தள்ளும்போது இடுப்புக்குக் கீழே கை வைத்துத் தள்ளுங்கள். நிறுத்திய இடத்தில் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிடுவது எனக்குச் சக்கர பிரேக்கைவிட நம்பிக்கையானது. பிரேக்கைப் பொறுத்தவரை ஒரு சின்ன விஷயம்: பெரும்பாலான பிரேக் மிதிகள் சக்கரம் பின்தொடரும் பக்கத்தில்தான் இருக்கும். சுவரைப் பார்த்துத் தள்ளிக் கடைசி அரை அடியை முடித்தால் முன்பக்கச் சக்கரங்களின் மிதி உங்கள் காலுக்கு நேரே வரும். இழுத்துக்கொண்டே வந்து நிறுத்தினால் மிதி அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிரேக் சக்கரம் இரண்டையும் நீங்கள் நிற்கும் பக்கம் பூட்ட மறக்காதீர்கள், எதிரெதிர் மூலைகளில் மாட்டினால் ஒன்று எப்போதும் எட்டாது.

பூட்டுவதில் சுருக்கமாக. மேலே தகடு வைத்த பிளேட் வகை வாங்குங்கள். ஆபீஸ் நாற்காலி மாதிரிக் குத்தி மாட்டும் தண்டு வகை பட்டறைக்கு ஆகாது, பக்கவாட்டுத் தள்ளில் தண்டு தளர்ந்துவிடும். மரத்தில் ஸ்குரூ போட்டு நிறுத்தாதீர்கள், துளை போட்டு எம்8 போல்ட், பெரிய வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட். பார்ட்டிகிள் போர்டு அலமாரி என்றால் அதில் நேரடியாக எதையும் பூட்டவே கூடாது, மேலே சொன்ன பிளைவுட் அடிப்பலகை அதற்கும் சேர்த்துத்தான். இரும்புச் சட்டத்தில் வெல்டிங் செய்வதாக இருந்தால் 5 அல்லது 6 மி.மீ. தகட்டைச் சட்டத்தோடு வெல்டிங் செய்து, சக்கரத்தை அந்தத் தகட்டில் போல்ட் செய்யுங்கள். சக்கரத்தையே நேரடியாக வெல்டிங் செய்தால் சூட்டில் கிரீஸ் எரிந்துபோகும், பிறகு மாற்றவும் முடியாது. பிளேட் சரியாகப் படுக்கை மட்டத்தில் இருக்க வேண்டும். வெல்டிங்கில் தகடு கொஞ்சம் சாய்ந்தாலும் முளை சாய்ந்துவிடும், சக்கரம் எப்போதும் ஒரே பக்கம் திரும்பப் பார்க்கும். அப்போது ஒரு பக்கம் வாஷர் கொடுத்து நிமிர்த்துங்கள். 4 அங்குலச் சக்கரத்தின் மொத்த உயரம் ஐந்திலிருந்து ஐந்தரை அங்குலம் வரும், அலமாரி கதவு நிலையில் நுழைய வேண்டும் என்றால் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும் இடம் என்று கேட்டால், பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் வகை குறைவாக இருக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் போனால் ஒரே தெருவில் பல கடைகளில் எடுத்துப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை, இது கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய சாமான். பிளேட்டை ஒரு கையால் பிடித்து ஃபோர்க்கை மறு கையால் ஆட்டுங்கள், கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். முளையில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை பால் இருக்கிறதா என்று கேளுங்கள். சக்கரத்தின் அச்சு போல்ட்டும் நட்டுமாக இருக்கட்டும், ரிவிட் அடித்திருந்தால் சக்கரம் தேய்ந்ததும் முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். சக்கரத்தின் நடுவில் வெறும் துளையா, பேரிங்கா பாருங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பால் பேரிங் என்றால் மரத்தூள் உள்ளே போகாது. பி.யு. பட்டை உள்சக்கரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். மலிவுச் சக்கரங்களில் முதலில் கழல்வது இந்த ஒட்டுதான். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பார்த்து, ஒரே கம்பெனி, ஒரே செட்டாக எடுங்கள். இரண்டு கம்பெனிச் சக்கரத்தைக் கலந்தால் 4 அங்குலம் என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் மொத்த உயரத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

ஆக உங்கள் பட்டியலில் 12 சக்கரம் பத்தாகிறது. மேசைக்கு 3 அங்குல ரிவால்விங் நான்கு, பிரேக் தேவையில்லை. சா ஸ்டாண்டுக்கு 5 அங்குல ஃபிக்ஸட் இரண்டு. அலமாரிக்கு 4 அங்குல ரிவால்விங் நான்கு, அதில் இரண்டு மட்டும் டோட்டல் லாக்.

பூட்டிய பிறகு முதல் மாதத்தில் ஒரு தடவை எல்லா நட்டையும் இறுக்கிவிடுங்கள், மரம் அமுங்கி வாஷர் தளர்ந்திருக்கும். முளை இறுகிச் சத்தம் போட்டால் உடனே எண்ணெய் ஊற்றாதீர்கள், எண்ணெய்யில் மரத்தூள் ஒட்டிக் கெட்டியான பசையாகிவிடும். பிரஷ்ஷால் துடைத்து, கிராஃபைட் பொடி கொஞ்சம் தூவினால் போதும். அச்சில் நூலும் முடியும் சுற்றிக்கொண்டிருந்தால் பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள்.